பதின்மூன்று கட்டத்தில் ஒரு படம்

நான் எழுத்துக்கூட்டி வாசித்த முதல் ஆங்கிலச் சொற்கள் செங்கல்லால் கட்டியவை. பற்றில் சிற்றி. அதற்கு முன்பே பாடப் புத்தகத்தில் ஆப்பிளும் பந்தும் பூனையும் வந்துபோயிருந்தன. ரீச்சர் வாசிக்க நாங்கள் பின்னால் இராகம் இழுத்ததோடு அவை முடிந்துவிட்டன. இந்த இரண்டு சொல்லையும் யாரும் சொல்லித்தரவில்லை. உயிலங்குளத்தில் சின்ன மாமாவின் கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைகளுக்கும் மண்ணெண்ணெய்ப் பரலுக்கும் நடுவில், பதினான்கு அங்குலக் கறுப்பு வெள்ளை ரிவி ஒன்றின் முன் முழங்காலில் நின்று நாங்களே எழுத்தெழுத்தாக உடைத்தெடுத்தோம்.

2002ஆம் ஆண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. மதவாச்சியிலிருந்து மன்னாருக்குப் போகிற வீதியில் இருக்கிறது எங்கள் ஊர். இரண்டு பக்கத்துக்கும் இடையில் சனம் கடந்துபோகிற சாவடிகளில் ஒன்று அங்கே இருந்தது. செஞ்சிலுவை போட்ட வெள்ளை வாகனம் நிற்கும். பயணப் பைகளோடும் சைக்கிளோடும் கைக்குழந்தைகளோடும் வெயிலில் வரிசை நீளும். அந்த வரிசையை நம்பித்தான் மாமா சோடாவும் பிஸ்கற்றும் வாழைப்பழமும் வைத்துக் கடை போட்டிருந்தார். கொஞ்சம் காசு புரண்ட ஒரு நாளில் மன்னார் பசாரிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். "படிக்கிற சாமான்" என்று மாமியிடம் சொன்னார். பெட்டியின் மேல் துப்பாக்கியும் குரங்கும் ஒரு மீசைக்காரரும் இருந்ததால் மாமி நம்பவில்லை.

அது ரிவி கேம். ஜப்பானில் நின்டெண்டோ கொம்பனி 1983இல் விற்கத் தொடங்கிய ஃபமிகொம் என்ற பெட்டியின் கள்ளப் பிரதி என்பதெல்லாம் பிறகு அறிந்தது. ஆசியாவின் பாதிப் பிள்ளைகள் அசலைக் கண்ணால் காணாமல் இந்தப் பிரதிகளில்தான் வளர்ந்தார்கள். எங்கள் வீட்டுப் பக்கம் கரண்ட் இல்லை. ரிவி 12 வோல்ற் கார் பற்றறியில் ஓடும். பற்றறி இறங்கினால் சார்ஜ் ஏற்ற மாமா அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகவேண்டும். ஆகவே விளையாட்டுக்கு நேரக் கட்டுப்பாடு இருந்தது. அதைவிட, பற்றறி இறங்க இறங்கப் படம் நான்கு பக்கமும் சுருங்கி, நடுவில் ஒரு கடிதவுறை அளவுக்கு வந்துவிடும் என்ற இயற்கைக் கட்டுப்பாடும் இருந்தது.

பெட்டியின் வயரை ரிவியின் அன்ரனா ஓட்டையில் செருகி, குமிழைத் திருகித் திருகி அலைவரிசை பிடிக்கவேண்டும். முதலில் வருவது வெறும் இரைச்சல். பிறகு சில வேளை கடலுக்கு அப்பால் இராமேஸ்வரத்தில் நிற்கிற 323 மீற்றர் கோபுரத்திலிருந்து தூர்தர்ஷன் ஆவிபோல் எழும். செய்தி வாசிக்கிற அம்மாவின் முகம், அவருக்குக் கீழே தமிழில் ஒரு வரி. அந்த வரியை நான் ஒரு நாளும் முழுதாக வாசித்ததில்லை. மெல்லிய கோடுகளால் ஆன எழுத்து அந்தப் புள்ளி மழையில் கரைந்துபோகும். சுழிகள் அடைபட்டு ணகரமும் னகரமும் ஒன்றாகிவிடும். குமிழை இன்னும் ஒரு மயிரளவு திருகினால் தூர்தர்ஷன் விலகி, கசற்றின் பட்டியல் வந்து நிற்கும். மேலே 9999999 என்று ஒரு எண். உள்ளே இருந்ததோ கையளவு விளையாட்டுகள், பெயரை மாற்றி மாற்றித் திரும்ப வருபவை. ஆனால் அந்த எழுத்து! அதே ரிவி, அதே இரைச்சல், அதே அன்ரனா ஓட்டை. ஒரு எழுத்தாவது அசையவில்லை. தடித்த கால்களோடு, மூலைகள் படிப்படியாக வெட்டுப்பட்டு, கட்டளைக்கு நிற்கிற மாதிரி நின்றன. ஆங்கில எழுத்து மழைக்குத் தாங்கும், தமிழ் எழுத்து தாங்காது என்று அந்த வயதில் நான் முடிவு கட்டியிருந்தேன்.

அந்தத் தடிப்புக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. ஃபமிகொமின் திரை அகலத்தில் 256 பிக்சல், உயரத்தில் 240. அது பிக்சல் பிக்சலாக வரைவதில்லை. எட்டுக்கு எட்டுச் சதுர ஓடுகளைப் பதித்துத் திரையை நிரப்பும், குறுக்கே 32, நெடுக்கே 30. ஒரு ஓட்டுக்கு ஒரு எழுத்து. பக்கத்து எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு நிரலும் ஒரு வரிசையும் வெறுமையாக விட்டால் மிச்சம் ஏழுக்கு ஏழு. இந்த அளவுக்குள் உலகம் முழுக்கப் பரவிய உருவத்தை அற்றாரி கொம்பனியில் லைல் ரெயின்ஸ் என்ற பொறியியலாளர் 1976இல் 'குவிஸ் ஷோ' என்ற விளையாட்டுக்காக வரைந்தார். ஜப்பானின் நாம்கோ அதை எடுத்தாண்டது. பக்மனின் புள்ளிக் கணக்கு அந்த எழுத்தில்தான் ஓடியது. பிறகு யார் விளையாட்டுச் செய்தாலும் அதுவே, அல்லது அதன் தம்பி. ரோஷி ஓமகாரி என்ற எழுத்துரு வடிவமைப்பாளர் இந்தக் குடும்பம் முழுவதையும் தேடிச் சேர்த்து 2019இல் ஒரு புத்தகமே போட்டிருக்கிறார்.

அந்த எழுத்தை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: படுக்கைக் கோடுகள் ஒரு பிக்சல் தடிப்பு, நிமிர்ந்த கோடுகள் இரண்டு. பழைய ரிவியில் கதிர் இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் படம் போடுகிறது. படுக்கைக் கோடு அது ஓடும் திசையிலேயே கிடப்பதால் சிக்கல் இல்லை. நிமிர்ந்த கோடு ஒரு பிக்சல்தான் என்றால், கதிர் வெளிச்சத்தைக் கூட்டுவதற்குள் அணைக்கிற நேரம் வந்துவிடும். கோடு சாம்பலாய் மங்கிவிடும். இரண்டு பிக்சல் கொடுத்தால் மூச்சுவிட நேரம் கிடைக்கும். இன்றைக்குப் பழைய அழகு என்று சட்டையில் அச்சடித்து விற்கிற அந்தத் தடிப்பு, மோசமான ரிவிகளுக்காக ஒருவர் போட்ட முட்டுக்கால்.

பற்றில் சிற்றி என்ற ராங்கி விளையாட்டின் முதல் பக்கத்தில் அந்த எழுத்து இன்னொரு வேலையும் செய்தது. கீழே சின்னதாக இருக்கிற அதே உருவம், மேலே தலைப்பில் ஒவ்வொரு பிக்சலும் ஒரு செங்கல் துண்டாக வளர்ந்து, திரையின் முக்கால் அகலத்துக்கு மதில்போல நின்றது. விளையாட்டுக்குள் நுழைந்தால் அதே செங்கல்லைத்தான் சுட்டு உடைக்கவேண்டும். கழுகைக் காக்கவேண்டும், ஒரு கட்டத்துக்கு இருபது எதிரி ராங்கிகள், மேலே மூன்று இடங்களிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். தோற்றால் விளையாட்டு முடிந்தது என்பதும் செங்கல்லிலேயே எழுதப்பட்டு வரும். நாம்கோ 1985இல் செய்த இந்த விளையாட்டு முழுவதும் 24 கிலோபைற். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு படத்தில் இப்படி நூறை அடுக்கலாம்.

கடைக்குப் பின்னால் நாங்கள் ராங்கி ஓட்டியது பெரியம்மாவுக்குப் பிடிக்கவில்லை. உண்மையான ராங்கிகள் அந்த வீதியால் போனதைக் கண்டவர் அவர். சங்கிலித் தடம் தாரில் பதிந்து கிடந்த இடங்களை எங்களுக்குக் காட்டியிருக்கிறார். "உந்தச் சத்தத்தை நிப்பாட்டுங்கோடா, நெஞ்சு அடிக்குது" என்பார். சத்தத்தைக் குறைத்துவிட்டு விளையாடுவோம். எங்களுக்கு அந்த ராங்கிக்கும் இந்த ராங்கிக்கும் உறவே தெரியவில்லை. பெரியவர்கள் இதைக் கேட்டால் நம்பமாட்டார்கள், ஆனால் அப்படித்தான்.

முதல் பக்கத்தில் மூன்று தெரிவுகள் இருந்தன. ஒருவர், இருவர், மூன்றாவதாக ஒரு நீளமான சொல். அந்த நீளச் சொல்லை யாரும் தொட்டதில்லை, வாசிக்க வராததால். பெரியம்மாவின் மகன், எங்கள் எல்லோருக்கும் அண்ணா, ஒரு நாள் தட்டிப் பார்த்தார். வெறும் கறுப்புத் திரை. கீழே கழுகும் அதைச் சுற்றி வேலியும் மட்டும். ராங்கியை நகர்த்திப் பொத்தானை அமத்தினால் அது நின்ற இடத்தில் செங்கல் முளைத்தது. இன்னொரு தரம் அமத்தினால் பாதிச் செங்கல், பிறகு இரும்பு, தண்ணீர், காடு. விளையாட்டுக் களத்தை நாங்களே கட்டிக்கொள்ளலாம்! குறுக்கே பதின்மூன்று கட்டம், நெடுக்கே பதின்மூன்று.

மற்றப் பிள்ளைகள் அதில் கோட்டை கட்டியிருப்பார்கள். அண்ணா கழுகைச் சுற்றி இரும்பு அடுக்கினார். நான் என் முறை வந்தபோது எழுத்து எழுதினேன். ஏன் என்று கேட்டால் தூர்தர்ஷன்தான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படி நினைத்தேனா என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

கணக்குப் பாடத்துக்கு வாங்கிய சதுர றூள் கொப்பியின் பின்பக்கத்தில் முதலில் போட்டுப் பார்த்தேன். பகரம் சுகம்: இரண்டு கால், கீழே ஒரு பலகை, மூன்று கட்டம் போதும். டகரம் அதைவிடச் சுகம். மகரத்துக்கு ஐந்து கட்டம் வேண்டும், வலப்பக்க வீட்டுக்குள் ஒரு கட்டமாவது வெறுமையாக விடவேண்டுமே. மூன்றும் ஒன்றும் மூன்றும் ஒன்றும் ஐந்தும் கூட்டினால் பதின்மூன்று. களத்தின் அகலம் மிச்சமில்லாமல் நிரம்பியது. மகரத்தின் தலைக்கு மேல் ஒரு வரிசை விட்டுத் தனிச் செங்கல் ஒன்று, புள்ளி. படம். அகரத்தை நான் முயலவில்லை. இகரம், ஞகரம் பக்கமே போகவில்லை.

ஸ்ரார்ட் பொத்தானை அமத்தியதும் எதிரி ராங்கிகள் இறங்கி எழுத்தை உடைக்கத் தொடங்கின. முதல் சில குண்டுகளிலேயே மகரத்தின் புள்ளி போய்விட்டது. டகரத்தின் நிமிர்ந்த கால் போக அது வெறும் தரையாகக் கிடந்தது. பகரம் கடைசி வரை நின்றது, ஒரு கால் இழந்து டகரமாக. நாங்கள் சுடுவதை மறந்து எந்த எழுத்து எந்த எழுத்தாகிறது என்று கத்திக்கொண்டிருந்தோம். கழுகு போனதைக் கூட யாரும் கவனிக்கவில்லை. பிறகு இரும்பால் எழுதினோம். மூன்று நட்சத்திரம் எடுத்த ராங்கியின் குண்டைத் தவிர வேறு எதுவும் அதை உடைக்காது. எதிரிக்கு அந்த வலு கிடையாது. கறுப்பு வெள்ளை ரிவியில் செங்கல் சாம்பல், இரும்பு வெள்ளை. இரைச்சல் எவ்வளவு கூடினாலும் அந்தத் தமிழ் வெள்ளையாக எரிந்தது. பற்றறி இறங்கிப் பெட்டியை அணைத்தால் எல்லாம் அழிந்துபோகும். சேமித்து வைக்க அதில் இடமில்லை. கொப்பிதான் ஞாபகம்.

கொப்பியைப் பெரியம்மா ஒரு நாள் பிடித்துவிட்டார். கணக்குக் கொப்பியில் கட்டம் கட்டமாகக் கறுப்பு. அடி விழும் என்று நின்றேன். அவர் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த மகரத்துக்கு ஏன் ஒற்றை ஓலை?" என்று கேட்டார்.

பெரியம்மா ஓலைப் பாய் இழைப்பவர். வெயிலில் காயவைத்த பனங்குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்துக்கு வார்ந்து, கொஞ்சத்தைச் சாயத்தில் அவித்துச் சிவப்பும் பச்சையுமாக எடுத்து வைத்திருப்பார். கலியாணத்துக்கும் கோயில் பெருநாளுக்கும் என்று யாராவது கேட்டால் பாயின் நடுவில் எழுத்துப் போட்டுக் கொடுப்பார். பாயும் கட்டம்தான், ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு ஓலை மேலே, ஒன்று கீழே. வளைவு என்று ஒன்று அங்கே கிடையாது, எல்லாம் படி. அவர் அன்றைக்கு எனக்குச் சொன்னது இது: "ஒற்றை ஓலையில காலை வைச்சியெண்டால் பக்கத்து ஓலை அதை விழுங்கிப்போடும். கிட்ட நிண்டு பாத்தா எழுத்து, வாசலில நிண்டு பாத்தா ஒண்டுமில்லை. ரெண்டு ஓலை குடு." லைல் ரெயின்ஸ் கதிருக்காகக் கொடுத்த அதே இரண்டு. உயிலங்குளத்துத் திண்ணையில் அதைக் கேட்டுவிட்டேன், காரணம் விளங்கத்தான் இன்னொரு பத்துப் பதினைந்து ஆண்டு வேண்டியிருந்தது.

அவருக்கு இன்னொரு சங்கதியும் தெரிந்திருந்தது. ணகரத்தில் ஐகாரம் ஏறினால், லகரத்தில் ஏறினால், பழைய முறைப்படி யானைத் துதிக்கை மாதிரி ஒரு கொம்பை எழுத்தின் தலைக்கு மேல் தூக்கிப் போடுவார்கள். அவர் பாயில் அதைத்தான் இழைப்பார். தமிழ்நாட்டு அரசு 1978இல் அந்தத் துதிக்கைகளை எடுத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கொம்பு என்று ஆணை போட்டது. பெரியம்மாவுக்கு அது இட வீண். "மேல சும்மா கிடக்கிற ஓலையை விட்டிட்டுப் பக்கத்தில ஆறு ஓலை செலவழிக்கச் சொல்லுறாங்கள்" என்றார். கணக்கு என்று பார்த்தால் சரிதான். மேலே இடம் இருக்கிறவர்களுக்கு.

தடித்த தமிழ் எழுத்து எங்கள் ஊரில் வேறு எங்கும் இல்லாமலில்லை. வீதியோரத்தில் சிவப்புப் பலகை, மண்டையோடு, கீழே மிதிவெடி. பள்ளிக்கூடத்துக்கு வந்து அதைப் பற்றிப் படம் காட்டிச் சொன்னார்கள்; பலகைக்கு அப்பால் காலை வைக்காதே, மாடு போனாலும் பின்னால் போகாதே. அந்த எழுத்து ஓடும் பஸ்ஸிலிருந்து தெரியும், மாலை மங்கலில் தெரியும், எழுத்துத் தெரியாதவருக்கும் ஏதோ சொல்கிறது என்று தெரியும். எழுதியவர்கள் அதை அழகுக்காகத் தடிப்பாக்கவில்லை. ஒரு எழுத்துருவின் வேலை எது என்று பின்னாளில் யாராவது மேடையில் நீட்டி முழக்கும்போது எனக்கு அந்தப் பலகைதான் முன்னால் வந்து நிற்கும்.

போர் திரும்பி வந்தது. கடை போனது, ரிவி போனது, கொப்பி போனது. அதை எல்லாரும் எழுதிவிட்டார்கள்.

பிறகு வேறொரு ஊரில், வேறொரு மேசையில், பழைய விளையாட்டுகளின் உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்கிற மென்பொருள்கள் கைக்கு வந்தன. ஃபமிகொமில் பின்னணிக்கு ஒரு தடவையில் 256 ஓடுகள், அதற்கு மேல் இல்லை. நெடுங்கணக்கில் எங்கள் எழுத்து 247. எல்லாவற்றையும் ஓடாக்கினால் மிச்சம் ஒன்பது; அதில் செங்கல்லும் இரும்பும் கழுகும் குடியிருக்கவேண்டும். அப்படி யாரும் செய்யமாட்டார்கள் என்பது வேறு விஷயம், கால் கொம்பு எல்லாவற்றையும் தனியே பிரித்தால் பாதியாவது குறையும். ஜப்பானியருக்கும் இதே நெருக்கடி இருந்திருக்கிறது. சீன வடிவ எழுத்துகளை எட்டுக்கு எட்டில் அடக்க முடியாதென்று கானா எழுத்துகளை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 1986இல் வந்த டிராகன் குவெஸ்ட் விளையாட்டில் இடம் போதாமல் கதகானாவில் இருபது மட்டும் வைத்து, அந்த இருபதுக்குள் அடங்குகிற பெயர்களாகப் பார்த்துப் பேய்களுக்குச் சூட்டினார்கள். இன்னொரு தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. கானாவின் தலையில் வருகிற இரட்டைக் கீறலுக்கு எழுத்தின் ஓட்டுக்குள் இடம் இல்லை; ஆகவே அதை மேல் வரிசை ஓட்டில் தனியே வைத்தார்கள். மகரத்தின் தலைக்கு மேல் நான் வைத்த ஒற்றைச் செங்கல்!

பற்றில் சிற்றி வந்த அதே 1985இல்தான் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார் என்று படித்தபோது கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். கணினித் திரையில் தமிழைப் புள்ளி புள்ளியாகக் கட்டிய ஆட்கள் இருந்திருக்கிறார்கள். ரோமன் சிபோரா 1998இல் தொடங்கிய யூனிஃபொன்றில், பதினாறுக்குப் பதினாறு கட்டத்தில், தமிழ் முழுதாக இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பிக்சல் கோடு. பெரியம்மா பார்த்தால் வாசலில் நின்று ஒன்றும் தெரியவில்லை என்பார். நாம்கோ எழுத்தைப் பின்பற்றி யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி வந்திருக்கிற பிரெஸ் ஸ்ரார்ட் எழுத்துருவில் கிரேக்கமும் ரஷ்யமும் உண்டு, தமிழ் இல்லை.

இப்போது அண்ணா ரொறொன்ரோவில் இருக்கிறார். கைப்பேசிக்கு ஒரு சின்ன விளையாட்டுச் செய்கிறார், வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரத்தில். மன்னார்ப் பாலத்தைக் கடக்கிற ஒரு கழுதை. காற்று, பஸ், மீன் வான், கடல் தண்ணீர் என்று இடைஞ்சல்கள். தலைப்பு கழுதை. "அந்தப் பழைய தடிச்ச எழுத்திலயே வேணும், செங்கல் மாதிரி" என்றார். வரைந்து தருவதாகச் சொன்னது நான்.

நிமிர்ந்த கோடு எல்லாம் இரண்டு பிக்சல் என்று ஆரம்பித்தேன். ரகரம் ஐந்தாறு நிரலில் அடங்கிவிடுகிறது. ணகரத்தில் நிமிர்ந்து நிற்கிற கோடுகள் ஐந்து. இரண்டிரண்டாகக் கொடுத்து இடையில் ஒவ்வொன்று விட்டால் பதினான்கு நிரல். இரண்டு ஆங்கில எழுத்துக் குடும்பம் நடத்துகிற இடத்தில் ஒற்றை ணகரம் காலை நீட்டிப் படுத்திருக்கிறது. எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற பழைய சட்டத்தை அன்றைக்கே கைவிட்டேன். உயரம் அடுத்தது. உடலுக்கு ஏழு வரிசை, மேலே புள்ளிக்கு இரண்டு, இடையில் ஒன்று, கீழே உகர ஊகார வால்களுக்கு மூன்று. பதின்மூன்று. அந்த எண்ணைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அண்ணாவுக்கு அனுப்பினேன், அவருக்கு அதன் ஞாபகமே இல்லை. கழுகைச் சுற்றி இரும்பு அடுக்கியது மட்டும் நினைவிருக்கிறதாம்.

ககரம் வந்தது. தகரம் ககரத்தின் அக்கா என்பதால் அதுவும் பெரிய தொல்லை தரவில்லை. ழுவில்தான் நிற்கிறோம். ழகரத்துக்கே கீழே ஒரு வால் இருக்கிறது. அதில் உகரம் வேறு சேர்ந்து இன்னொரு சுழி. இரண்டு பிக்சல் தடிப்பில் இரண்டும் கட்டிப்பிடித்து ஒரு குமிழாகிவிடுகின்றன. தடிப்பைக் குறைத்தால் தலைப்பில் அந்த எழுத்து மட்டும் பட்டினி கிடந்த மாதிரி தெரிகிறது. வாலை இடப்பக்கம் இழுத்துப் பார்த்தேன், ககரத்தின் காலில் இடித்தது.

"அண்ணா, கீழ ரெண்டு வரிசை வேணும்."

"அங்க புள்ளிக் கணக்கு ஓடுதடா."

"கணக்கைக் கொஞ்சம் இறக்குங்கோ."

"இறக்கினா கழுதையின்ர காது வெட்டுப்படும்."

நெடுநேரம் வாதாடினோம். அவர் ஒரு வரிசை தந்தார். ழுவின் சுழி இப்போது புள்ளிக் கணக்கின் முதல் பூச்சியத்துக்கு ஒரு பிக்சல் மேலே முடிகிறது. வாசிக்கலாம். தையின் கொம்பை முன்னால் வைத்தால் தலைப்பு திரையை விட்டு வெளியே போகிறது.